விசைப்பலகை பறிக்கும் தொண்டர்

எங்கள் பள்ளிகளில் ‘தள்ளிக்கொள், நான் செய்கிறேன்’ என்றொரு மனித வகை உலவுகிறது. அடையாளம் காண்பது சுலபம். கழுத்தில் கம்பெனி அட்டையும் கையில் டோனட் பெட்டியுமாக, சிகாகோப் பனியை மிதித்துக்கொண்டு, கணிதத்தில் இரண்டு முறை கோட்டைவிட்ட என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நிரல் எழுதவைத்துக் கரையேற்ற வியாழன்தோறும் வந்துவிடுவார். ஹலோ சொல்வார். விசைப்பலகையைப் பிடுங்குவார்.

எங்கள் முறை இதுதான். திரையில் ராக்கெட் விநாடிக்கு ஏழடி ஏறவேண்டும். முதலில் தாளில் எழுது: ஒரு விநாடிக்கு 7 × 1, இரண்டு விநாடிக்கு 7 × 2. எது மாறுகிறதோ அதை வட்டமிட்டு, x என்று பெயர் வை. பிறகுதான் கணினி. அந்த வட்டத்தைத் தானே போட்ட பிள்ளைக்கு இயற்கணிதம் பாதி வந்தாயிற்று.

ஒரு வியாழன் என் மாணவி ஜனியா, மாறாத 7-ஐ வட்டமிட்டாள். 7 இருந்த இடத்தில் விநாடி எண் போய் உட்கார, ராக்கெட் விநாடிக்கு ஓரடியாக ஊர்ந்தது.

“இது ஏன் நத்த மாதிரி போகுது?” தாளையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். இந்தக் கேள்விக்குத்தான் நான் மூன்று வாரமாகக் காத்திருந்தேன்.

“தள்ளிக்கோம்மா, சின்ன விஷயம்” என்றார் தொண்டர் வெல்ஷ்.

“சார், நானே...”

“பாரு, பாரு!”

ராக்கெட் பறந்தது. அவரே கைதட்டினார். நான் ஏன் தடுக்கவில்லை என்கிறீர்களா? வாயில் டோனட்.

“ராக்கெட் அவரோடது, நீ சும்மா டிக்கெட் வாங்கினவ” என்றான் பக்கத்து மேசை டெரல்.

மறுவாரம் தேர்வு. தேறினால் ஜனியா கோடையில் அட்லாண்டாவிலிருக்கும் அக்காவிடம் போகலாம். தவறினால் விடுமுறை முழுக்க மறுவகுப்பு. அவளுடைய ராக்கெட்டையே காட்டிக் கேட்டேன்: “இதுல எது மாறுது?”

“அத சார்கிட்டதான் கேக்கணும், மிஸ்.”

ஜூனில் அவள் மறுவகுப்புக்கு வந்தாள். வெல்ஷுக்குச் சிறந்த தொண்டர் கேடயம் கொடுத்தார்கள். “இந்தப் பிள்ளைங்களுக்குத் தேவை நம்மோட பொறுமைதான்” என்று மேடையில் உருகினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நீங்கள் அந்த வகையில்லை, தெரியும். வீட்டில் உங்கள் அப்பா கைபேசியில் ஒரு போட்டோ அனுப்பத் தடவும்போது, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர் நீங்கள்.

அப்படியானால், கைபேசி வாங்கி மூன்று வருடமாகியும் அப்பாவுக்கு ஏன் இன்னும் அனுப்பத் தெரியவில்லை?