வளைந்து கொடுக்கும் மேலாளர்

மனிதர்களில் ‘ஃப்ளெக்ஸிபிள்’ என்றோர் இனம் உண்டு. அடையாளம் காண நீங்கள் சிரமப்படவே வேண்டாம், அவர்களே சொல்லிவிடுவார்கள். பல் டாக்டர் வாசலில், லிஃப்டில், கல்யாணப் பந்தியில், அறிமுகமான கையோடு, “நான் ரொம்ப ஃப்ளெக்ஸிபிள் டைப்புங்க” என்பார்கள். நிஜமாகவே வளைகிறவனுக்கு அதைச் சொல்லிக்கொண்டு திரிய நேரம் ஏது?

நான் பிழைதிருத்துகிற அச்சகத்தின் மேலாளர் இந்த இனத்தின் தலைமகன். அவர் நாற்காலியை யாரும் நகர்த்தக் கூடாது, ஜன்னலைத் திறக்கக் கூடாது, ஃபேன் மூன்றில்தான் ஓட வேண்டும், டீ இடது கைப் பக்கம்தான் வந்து உட்கார வேண்டும், தப்பித் தவறி வலப் பக்கம் வந்துவிட்டால் அன்று முழுக்க எங்களுக்கு அர்ச்சனைதான். மற்றபடி தங்கமான மனுஷர். மற்றபடி என்றால், அவரிடம் எதையும் கேட்காதவரை.

போன வாரம் பைண்டிங் அக்கா கேட்டுவிட்டார். அவர் மகள் பள்ளிக்கூட மேடையில் முதன்முதலாகத் தனியாகப் பாடப்போகிறாள், நாலு மணிக்கு. கூட்டத்தில் அம்மா முகம் தெரியாவிட்டால் தொண்டை அடைத்துக்கொள்கிற பிள்ளை.

“சார், இன்னைக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடி கிளம்பட்டுமா? பாக்கியை நாளைக்குச் சீக்கிரம் வந்து முடிச்சுடறேன்.”

“தாராளமா! நான் ஃப்ளெக்ஸிபிள்னு உனக்குத் தெரியாதா? உட்காரும்மா. அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா?”

“வளைஞ்சு கொடுக்கறது சார். பஸ் வந்துடும்...”

“எல்லாரும் இப்படித்தான் மேலோட்டமா சொல்றாங்க! லத்தீன்ல ‘ஃப்ளெக்டரே’ன்னு ஒரு சொல். வளைக்கறதுன்னு அர்த்தம். அங்கேருந்து கிளம்பி, பிரெஞ்சுக்காரன் வீட்டுல கொஞ்ச நாள் தங்கி, அப்புறம்தான் இங்கிலீஷ்காரன் வாயில விழுந்துச்சு. புரியுதா?”

எனக்கு நன்றாகவே புரிந்தது. இத்தனை வருஷமாக அவர் வளைத்ததெல்லாம் எங்களைத்தானே!

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. மேலாளரோ சாக்பீஸை எடுத்துக்கொண்டு, வேலைக் கணக்கு எழுதுகிற கரும்பலகைப் பக்கம் திரும்பினார். “ரிஃப்ளெக்ஸ், ரிஃப்ளெக்‌ஷன் எல்லாம் இதோட பங்காளிங்க...” என்று வம்சாவளியை வரைய ஆரம்பித்தார். நான் வாசலைக் காட்டிக் கையை ஆட்டினேன். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டார்.

மேலாளர் திரும்பினார். காலி நாற்காலி.

“எங்கே அந்தப் பொண்ணு? இப்பத்தான் பர்மிஷன் கொடுக்கலாம்னு இருந்தேன்!”

“முதல்லயே ‘தாராளமா’ன்னுட்டீங்களே சார்.”

கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. “பாத்தியா, நான் எவ்வளவு ஃப்ளெக்ஸிபிள்!”

மேடையில் மகளுக்கு மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே அக்கா மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டாராம். மகள் கண்டுபிடித்துவிட்டாளாம். அப்புறம் குரல் கணீரென்று வந்ததாம். மறுநாள் அக்கா இதைச் சொன்னபோது எனக்கே பாடவேண்டும்போல் இருந்தது.

நமக்கு இந்த வியாதியெல்லாம் கிடையாது என்று சிரிக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்தபோது உங்கள் வீட்டில் ஒருவர் வந்து, “கொஞ்சம் வர்றீங்களா?” என்று கேட்டாரே? “அதுக்கென்ன, தாராளமா!” என்றீர்களே? தலையை நிமிர்த்திப் பாருங்கள். இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.