சாமிக்கு முதுகு காட்டிய கார்

ஊரில் எந்தக் காருக்குக் காய்ச்சல் வந்தாலும் அது நேராகப் போய் நிற்கிற இடம் உஷ்ண சாமியின் கொட்டகைதான். ஏசி போட்டால் இன்ஜின் கொதிக்கிறதா? சாமியிடம் போ. சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறதா? சாமியிடம் போ. விடிந்ததுமே தெருமுனை வரைக்கும் கார் வரிசை. அந்த வரிசையில் ஒரு மெக்கானிக் ஷெட் முதலாளியும் நின்றார். "நம்ம பசங்க பார்க்கிறேன்னாங்க சார். எனக்குத்தான் அவங்க மேல நம்பிக்கை இல்ல" என்றார். தன் தொழிலை எவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார் பாருங்கள்!

சாமியின் தத்துவம் எளிமையானது. "குளிரும் சூடும் ஒரே வண்டியில குடித்தனம் நடத்துனா சண்டை வராதா? ஏசியைப் போட்டதும் உள்ள தூங்குற உஷ்ண பூதம் முழிச்சுக்குது." கேட்டவர்களுக்குப் புல்லரித்தது. அந்தப் புழுக்கத்தில் புல்லரிப்பதே ஒரு சாதனை.

வைத்தியமும் சுலபம். கார் சாமியின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இன்ஜினும் ஏசியும் ஓட வேண்டும். பானெட்டை மட்டும் திறக்கவே கூடாது. திறந்தால் பூதம் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவிவிடுமாம். முள் ஏறும். சாமி கண்ணை மூடி முணுமுணுப்பார். அவருக்குப் பின்னால் ஆளுயர விசிறி ஒன்று உறுமத் தொடங்கும். சினிமாவில் புயலடிக்க வைப்பார்களே, அந்த ரகம். "சாமிக்கும் வேர்க்கும்ல?" என்பார் சீடர். தாடி முன்பக்கமாகப் பறக்கும். அருள் வந்துவிட்டதென்று கூட்டம் கும்பிடும். சற்று நேரத்தில் முள் இறங்கும். ஒரு தாயத்து, ஒரு காணிக்கை, அடுத்த வண்டி.

போன வண்டி மறுபடி கொதித்தால்? "உன் நம்பிக்கை இறங்கிருச்சு, அதான் முள்ளு ஏறிருச்சு." முடிந்தது விசாரணை.

அன்று வந்த வாடகைக் கார் டிரைவருக்கு இது மூன்றாவது தாயத்து. நாளைக்கும் ஏசி இல்லாமல் வந்தால் வேறு வண்டி வைத்துக்கொள்வோம் என்று அவரை அமர்த்தியிருந்த கம்பெனி சொல்லிவிட்டது. அந்த வேலை போனால் வீட்டில் அடுப்புக்கும் ஓய்வுதான். பக்கத்து சீட்டில் அவர் மனைவி.

"ஏங்க, ரோட்டுல ஓடுறப்ப முள்ளு சும்மாதானே கிடந்துச்சு? சிக்னல்ல நின்னா மட்டும் ஏன் ஏறுது?"

"பூதத்துக்கு சிக்னல் பிடிக்காது போல."

"அப்ப அது உங்க சொந்தக்காரப் பூதம்தான்."

முறை வந்தது. கீழே இறங்கி நின்றவளின் முந்தானையை, முந்தின வண்டிக்குப் போட்டு இன்னும் நிறுத்தாத விசிறியின் காற்று இழுத்துக்கொண்டு போனது. அவள் விசிறியைப் பார்த்தாள். காரின் மூக்கைப் பார்த்தாள்.

"ஏங்க, வண்டியத் திருப்பி நிறுத்துங்க. பின்பக்கம் சாமியைப் பார்க்கட்டும்."

சீடர் பதறினார். "அம்மா! சாமிக்கு முதுகு காட்டக் கூடாது!"

"ஏன், பூதத்தையே பிடிக்கிற மந்திரம் டிக்கியைத் தாண்டாதா?"

இங்கேதான் பக்தி தன் வேலையைக் காட்டியது. "யாரைப் பார்த்து என்ன கேட்டே?" என்று கொதித்தார் ஷெட் முதலாளி. "சாமி சக்தி எந்தப் பக்கமும் பாயும். திருப்புப்பா வண்டிய!" கூட்டமும் "திருப்பு, திருப்பு" என்றது. சாமிக்குத் தப்பிக்க வழியில்லை. பக்தர்கள் அப்படிச் சூழ்ந்து நின்றார்கள்.

மந்திரம் ஓடியது. விசிறி உறுமியது. தாடி பறந்தது. முள் ஏறிக்கொண்டே போனது. சாமி குரலை உயர்த்தினார், முள்ளும் உயர்ந்தது.

"ஏய், இன்ஜின் போயிரும்டி!"

"ஏசியை நிறுத்திட்டு வண்டிய நேராத் திருப்புங்க. இப்ப மறுபடி போடுங்க. சாமி, நீங்க மட்டும் வாயைத் திறக்காதீங்க. உட்கார்ந்து தண்ணி குடிங்க."

சாமி தண்ணீர் குடித்தார். மந்திரம் இல்லை, அருள் இல்லை, விசிறி மட்டும் சுற்றியது. முள் சமர்த்தாக இறங்கி வந்தது.

அவள் போய் விசிறியின் பிளக்கைப் பிடுங்கினாள். உறுமல் நின்றது. முள் மறுபடி ஏறியது.

"இப்ப பானெட்டைத் திறங்க."

முன்வரிசை இரண்டடி பின்வாங்கியது. எதுவும் தாவவில்லை. ரேடியேட்டரை ஒட்டி ஒரு குட்டி விசிறி, அசையாமல் கிடந்தது.

"ஏன் அண்ணே, இது சுத்தணும்ல?"

ஷெட் முதலாளிக்குத் தன் தொழில் மெல்ல ஞாபகம் வந்தது. "சுத்தணும்மா. வண்டி ஓடுனா எதிர்காத்து பார்த்துக்கும். நின்னா இதுதான் ஊதணும். ஏசி போட்டா அந்தச் சூடும் இங்கதான் வந்து சேரும்." ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார். கருகியிருந்தது. தன் காரிலிருந்து ஒன்றை எடுத்து வந்து மாட்டினார். "மறுபடி போச்சுன்னா ஷெட்டுக்கு வாங்க, வயரைப் பார்த்துரலாம்."

குட்டி விசிறி சுற்றியது. ஏசி ஓடியது. முள் நடுவில் நின்றது. மறுநாள் கம்பெனி வாசலில் அந்தக் கார்தான் நின்றது, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, உள்ளே டிரைவர் குளிர்ச்சியாக.

அன்று கூட்டம் கலையும்போது சாமி தொண்டையைச் செருமினார். "பூதம் ஃபியூஸ்ல ஒளிஞ்சிருந்துச்சு. அதை அந்தப் பொண்ணு வாயால நான்தான் சொல்ல வச்சேன்."

இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அந்த இரண்டு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பானெட்டைத் திறக்கவாவது ஒரு கொக்கியை இழுக்க வேண்டும். உங்கள் மண்டைக்கு அந்தத் தொல்லைகூடக் கிடையாது, ஐயா. ஒருமுறை திறந்துதான் பாருங்களேன்!