கோடு போட்ட புத்தகம்

"இது புத்தகமோ எண்டு கேட்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர் தில்லைநாயகி.

தவச்செல்வன் மேசையைப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்தில் அச்சடித்த புத்தகம் அங்கே கிடந்தது. ராணுவம் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராத அறுபத்திரண்டு பேரின் பெயர், வயது, பிடிபட்ட நாள். அதை அச்சடித்ததற்காகத்தான் ராணுவம் அவரைத் தேடியது. 1996இல் சுவிஸில் கொடுத்த அகதி விண்ணப்பத்துக்கு அவரிடமிருந்த ஒரே சாட்சியும் அதுதான்.

"புத்தகந்தான். அரசாங்கம் எங்கட பக்கத்துக்குப் பேப்பர் விடேல்லை. பள்ளிக்கூடக் கொப்பியளைப் பிரிச்சு அடிச்சனான்."

சுவிஸ் அதிகாரி நீலக் கோடுகளை விரலால் தடவினார். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போன தில்லைநாயகி, பதினேழாம் பக்கத்தில் நின்று தண்ணீர் கேட்டார்.

"பிள்ளையள் எழுதுற கொப்பி மாதிரி இருக்காம். ஒழுங்கான புத்தகம் கொண்டரட்டாம்," என்று முடித்தார்.

தங்கியிருந்த திரிம்பாக் ஊருக்கு வந்து தவச்செல்வன் பையைத் திறந்தால் புத்தகம் இல்லை. ரயிலில் விட்டிருக்க வேண்டும். ஸ்டேஷனில் தொலைந்த பொருட்களைப் போய்க் கேட்டார். மூன்று குடையும் ஒரு பல்செட்டும்தான் இருந்தன. அன்று அவர் சாப்பிடவில்லை.

"அதுக்கேன் அழுறாய்? அவங்கள் கேட்டது ஒழுங்கான புத்தகந்தானே," என்றான் நண்பன் யேசுதாசன். டீட்டிகோன் நகரில் கொம்பியூட்டரில் கலியாணக் கார்ட் அடிப்பவன்.

தவச்செல்வன் அந்தப் பெயர்களை அச்சுக்கு ஒவ்வோர் ஈய எழுத்தாகக் கையால் கோர்த்தவர். கண்ணை மூடிக்கொண்டு பெயர்களைச் சொல்லச் சொல்ல, யேசுதாசன் தட்டினான்.

புத்தகம் பளபளத்தது. ஓரமெல்லாம் தங்கப் பூ. கடைசிப் பக்கத்தில் யேசுதாசன் அழிக்க மறந்த கலியாணக் கார்ட் வரி ஒன்று: 'தங்கள் நல்வரவை நாடும்.' காணாமற்போனவர்களின் பெயர்களுக்குக் கீழே அதைப் பார்த்ததும், அழிக்கச் சொல்லத் தவச்செல்வனுக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் விசாரணையில் அதிகாரி அதைப் பிரிக்கவேயில்லை.

"பேப்பரே இல்லாத ஊரில தங்கம் எங்கால எண்டு கேட்கிறார்," என்றார் தில்லைநாயகி.

"கொப்பித்தாள்தானே வேணும்? அதிலையே அடிப்பம்," என்றான் யேசுதாசன். அவசரத்தில் அவன் வாங்கி வந்தது கட்டம் போட்ட கணக்குக் கொப்பி. அதைப் பிரித்து அடித்தார்கள். அழுக்காகத் தெரியட்டும் என்று தேத்தண்ணீரும் தெளித்தார்கள்.

மூன்றாம் விசாரணை. அதிகாரி ஒரு தாளைத் திருப்பினார். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் சுவிஸ் கொம்பனி ஒன்றின் பெயர் இருந்தது. தாள்களைத் தில்லைநாயகியிடம் தள்ளிவிட்டுப் பேனையை மூடினார்.

"கள்ளச் சாட்சி எண்டு எழுதப் போறாராம்."

தவச்செல்வனைத் திருப்பி அனுப்பினால் கொழும்பில் இறங்கிய இடத்திலேயே பிடிப்பார்கள். அறுபத்து மூன்றாவது பெயர் அவருடையதாக இருக்கும். அதை அச்சடிக்க ஆளும் இல்லை.

"நான் பொய் சொல்லேல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ," என்றார்.

தில்லைநாயகி அதை மொழிபெயர்க்கவில்லை. கட்டத் தாள்களில் விரல் வைத்து மேலிருந்து கீழாகப் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தேடினார். அதிகாரி இரண்டு தரம் கூப்பிட்டும் நிமிரவில்லை. பிறகு தன் கைப்பையைத் திறந்து, நீலக் கோடு போட்ட அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒரு பேரை விட்டுப்போட்டியள் அண்ணை. பதினேழாம் பக்கத்தில இருக்கிற என்ர தம்பியை."