கல்லு முதல்ல, மண்ணு பொறவு

கல் ஆடியது.

சங்கிலிமுத்து ஸ்டூலில் ஏறி நின்று, மீன்தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். விட்டால் சாயும். சாய்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் முதலாளி வீட்டுக் கூடத்துக்குள் கடல் வந்துவிடும்.

"இப்படியே புடிச்சுக்கிட்டு நிக்கப் போறியா? விட்டுத்தான் பாரேன்லே" என்றாள் முதலாளியம்மா பொன்னுத்தங்கம்.

"விட்டா விழுந்துரும்மா."

பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருசமாக லோடு ஏற்றுகிறவனுக்கு மீன்தொட்டியில் என்ன வேலை? வேலை இருந்தது. அவன் பொண்டாட்டி சண்முகத்தாய் அதே கம்பெனியில் ஏழாம் நம்பர் ரூமில் வெடிமருந்து அடைக்கிறாள். நாலு பேர் உட்கார வேண்டிய ரூம். சீசன் தொடங்கியதிலிருந்து ஒன்பது பேர். போன மாசம் வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு ரூம் வெடித்துப் போனது. அன்றிலிருந்து சங்கிலிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

"தொட்டியை அழகா அமைச்சுக் குடு. சம்முவத்தாயைப் பெட்டி ஒட்டுற எடத்துக்கு மாத்திருவோம்" என்று சொல்லியிருந்தாள் முதலாளியம்மா. பெட்டி ஒட்டுகிற இடத்தில் மருந்து கிடையாது. பசைதான். பசை வெடித்து எவனும் செத்ததில்லை.

தொட்டியைச் சென்னையில் வாங்கிவந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிருந்த முதலாளியம்மாவின் மகன் ஹரிஷ்குமார் போனில் வந்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

"அண்ணே, மண்ணை அடியில போட்டு அதும் மேல கல்லை வச்சீங்களா?"

"ஆமா தம்பி. கல்லு கண்ணாடியில உரசக் கூடாதுல்ல?"

கம்பெனியில் அவன் படித்த ஒரே பாடம் அது. பெட்டியை இழுக்காதே, தூக்கு. காலைத் தேய்க்காதே, எடுத்து வை. உரசினால் போச்சு.

"ஐயோ, இது என்ன பட்டாசாண்ணே? கல்லு முதல்ல. அடிக்கண்ணாடியில அசையாம உக்காரணும். மண்ணு பொறவு, சுத்தியும். மண்ணு மேல கல்லு நின்னா மீனு மண்ணைத் தோண்டும், கல்லு சாயும். ஆமா, மீனை இன்னும் விடலைல்ல? தண்ணி பக்குவப்பட ஒரு மாசமாவது ஆகும்."

சங்கிலிமுத்து முதலாளியம்மாவைப் பார்த்தான். அவள் போனை அணைத்துவிட்டாள்.

மீனை விட்டு ஒரு மணி நேரமாகியிருந்தது. ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரமாம். எட்டுப் பை, பைக்கு ஒரு மீன், ஒவ்வொரு பையிலும் கறுப்பு மையில் ஒரு நம்பர். கடைக்காரன் கணக்கு என்று நினைத்தான் சங்கிலிமுத்து. முதலாளியம்மா பைக்குப் பை குங்குமம் வைத்து, ஒன்று, இரண்டு என்று வரிசை தப்பாமல் விட்டாள். ஏழாவது பையில் வந்தது ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட குட்டி மீன். ஏழாவது என்பதாலேயே அதன் மேல் அவனுக்கு ஒரு பாசம் விழுந்தது. மனசுக்குள் அதற்குச் சம்முவம் என்று பேரும் வைத்துவிட்டான்.

கல்லைத் தூக்கினான். மண் கிளம்பிக் கலங்கி, தொட்டி முழுக்கக் கழனித் தண்ணீராகியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

"மண்ணை அள்ளி வெளிய போடுலே!"

அள்ளி வாசலில் ஒரு சாக்கில் கொட்டினான். கல்லை அடிக்கண்ணாடியில் உட்கார வைத்து அசைத்துப் பார்த்தான். மலை மாதிரி நின்றது. சந்தோசமாக மண்ணை எடுக்கப் போனால் வாசலில் வெறும் சாக்குத்தான் கிடந்தது.

"மண்ணு எங்க செல்லத்தாயி?"

"அதுவாண்ணே? குப்பைன்னு வண்டிக்காரன்கிட்ட குடுத்திட்டேன்" என்றாள் சமையல்காரி செல்லத்தாய்.

மொட்டைக் கண்ணாடியைப் பார்த்து முதலாளியம்மாவுக்கு முகம் சுருங்கியது. "கம்பெனியில ரூம் வாசலுக்கு வாசல் செகப்பு வாளியில மண்ணு சும்மாதான கெடக்கு? கொண்டாரச் சொல்லு."

தீப்பிடித்தால் அள்ளிப் போடுகிற மண். சங்கிலிமுத்துவுக்கு வாய் வரை வந்தது. பெட்டி ஒட்டுகிற இடத்தை நினைத்து முழுங்கிக்கொண்டான்.

வேன் ஓட்டுகிற பாண்டிராஜ் இரண்டு வாளி கொண்டுவந்து இறக்கினான். ஒன்றில் 7 என்று எழுதியிருந்தது. மற்றதில் 8.

"இந்த ஏழாம் வாளியை எடுத்த எடத்துலயே கொண்டுபோயி வையி" என்றான் சங்கிலிமுத்து.

"ஏண்ணே, எல்லாம் மண்ணுதான?"

"வையிலேன்னா!"

எட்டாம் நம்பர் ரூமில் இருக்கிறவர்களும் யாரோ ஒருத்தனுக்குப் பொண்டாட்டிதானே என்று மனசில் தட்டியது. அவன் மனுசன்தான், தட்டாமல் இருக்குமா? ஆனாலும் எட்டாம் வாளியைத் தூக்கிக் கல்லைச் சுற்றிக் கொட்டினான்.

மண் பளபளவென்று மின்னியது. வருசக் கணக்காக ரூமிலிருந்து பறந்து வந்து படிந்த மருந்துப்பொடி.

"ஆத்தி, எம்புட்டு அழகு!" என்றாள் முதலாளியம்மா. குளிக்கப் போனாள்.

கால் மணி நேரத்தில் முதல் மீன் பக்கவாட்டில் படுத்தது. அடுத்து நீலம். அடுத்து மஞ்சள். கலக்கி மிச்சம் வைத்த உப்புத்தண்ணீர் ஒரு வாளி இருந்தது. சங்கிலிமுத்து வலையை எடுத்தான். எட்டில் எதைப் பிடிப்பது? கை தானாகச் சம்முவத்திடம்தான் போனது. அதை வாளியில் விட்டு, காற்று ஏறட்டும் என்று கையாலேயே தண்ணீரை அடித்தான். "சம்முவம், போயிராத. ஒன்னைய வச்சுத்தான் எல்லாம் இருக்கு" என்று அழுதான். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் சண்முகத்தாயிடம்கூட இப்படிக் கெஞ்சியதில்லை.

குட்டி மீன் வாலை ஆட்டியது. திரும்பிப் பார்த்தால் தொட்டியில் மற்ற ஏழும் மிதந்தன. கல் மட்டும் அசையவே இல்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த முதலாளியம்மா தொட்டியைப் பார்த்தாள். வேலை போச்சு என்று சங்கிலிமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

"முருகா!" என்று அவள் கைகூப்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "அம்புட்டும் போயிருச்சா? மகராசனா இருலே. எனக்கு இப்பத்தான் உசுரு வந்துச்சு."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப... சம்முவத்தாயை மாத்துறது?"

"அதுக்கு இனிமே என்ன அவசியம்? ஒரு ரூமுக்கும் பயமில்ல. சீசன்ல ஆளை மாத்துனா ஆர்டர் கெட்டுரும்."

எல்லாம் கைநழுவிப் போகிறது என்று மட்டும் புரிந்தது. தன் சாமர்த்தியத்தைக் காட்டிவிட வேண்டும் என்று அவசரமாக வாளியைத் தூக்கி நீட்டினான்.

"அம்மா, ஒண்ணைப் பொழைக்க வச்சிட்டேம்மா! நல்லா இருக்கு, பாருங்க!"

சிரிப்பு நின்றது. "எந்தப் பை?"

"ஏழாவதும்மா."

"ஒன்னை யாருலே இதைக் காப்பாத்தச் சொன்னது?" என்றவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவன் வாளியோடு அப்படியே நின்றான். கூடத்தைத் துடைக்க வந்த செல்லத்தாய் மெதுவாகச் சொன்னாள்:

"ரூமுக்கு ஒரு மீனுன்னு ஜோசியர் சொன்னாராம்ண்ணே, மீனு செத்தா அந்த நம்பர் ரூமுக்கு வர்ற கண்டம் கழிஞ்சிருமாம், ஆமா, ஒங்க வீட்டு மதினி எந்த ரூமுல வேலை பாக்காக?"