துடைத்து வைத்த வீட்டில் ரவை லட்டு

பலகாரம் வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் மரியாதை. அந்த மரியாதையை மட்டும் கொஞ்சம் குறைவாகக் கற்றிருந்தேன் என்றால், எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் என் மானம் தப்பியிருக்கும்.

அப்போது எங்கள் பக்கத்து வீட்டில் ஹன்னாவும் அவர் கணவர் யோசப்பும் இருந்தார்கள். யூதர்கள். என் மனைவி ராஜி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்த மாதங்களில், எங்களுக்கு அந்த ஊரில் ஒரு சொந்தமும் இல்லை. கதவைத் தட்டி சூப் கொண்டுவந்தவர் ஹன்னாதான். அந்தக் கடனை எந்தப் பிறவியில் தீர்ப்பேனோ என்று உருகிக்கொண்டிருந்தேன்.

பூரிம் என்ற பண்டிகைக்கு அவர்கள் வேண்டியவர்களுக்குப் பலகாரத் தட்டு அனுப்புவார்கள். எங்களுக்கும் வந்தது. நடுவில் கசகசா இனிப்பு வைத்த முக்கோண பிஸ்கட்டுகள், ஓரமாக ஆப்பிள். பிஸ்கட் அன்றே காலி. அடுத்த மாதம் அவர்களுக்கு இன்னும் பெரிய பண்டிகை ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டதும், தட்டைத் திருப்ப நாள் குறித்துவிட்டேன்.

“நான் ரவை லட்டுச் செய்யப் போறன்.”

“உங்களுக்குத் தேத்தண்ணியே ஒழுங்காப் போடத் தெரியாது,” என்றாள் ராஜி கட்டிலில் கிடந்தபடி. “அவை என்ன சாப்பிடுவினம் எண்டு கேட்டுட்டுச் செய்யுங்கோவன்.”

“ரவை, சீனி, நெய். மச்சமே இல்லை. எந்தச் சாமி வேண்டாம் எண்டு சொல்லும்?”

(சைவச் சாப்பாடு என்றால் உலகத்திலுள்ள எல்லாக் கடவுளுக்கும் ஆகும் என்று நம்பிய காலம் அது.)

இத்தாலியன் கடையில் ரவை வாங்கி வறுத்து உருட்டினேன். தொட்டால் உதிர்ந்தது. தொடாமல் கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தேன்.

பண்டிகைக்கு முதல் நாள் காலை, வேட்டி கட்டித் தட்டோடு போனேன். உள்ளே அலமாரிகள் எல்லாம் திறந்து கிடந்தன. யோசப் முழந்தாளில் நின்று சோபாவுக்கு அடியில் டோர்ச் அடித்துக்கொண்டிருந்தார். அடடா, நம் பொங்கல் துப்புரவு மாதிரியே என்று மகிழ்ந்து ஒரு அடி வைத்தேன். வாக்யூம் குழாய் காலில் மாட்டியது. வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். லட்டு கார்ப்பெட் முழுவதும் மணலாகக் கொட்டிப் பரவியது.

“இது என்ன?” என்றார் ஹன்னா மெதுவாக.

“ரவை. நல்ல கோதுமை!” என்றேன் பெருமையோடு.

யோசப் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் சொன்னார்கள். எகிப்து ராஜாவிடம் அடிமைப்பட்டிருந்த அவர்களின் முன்னோர் விடுதலையான நினைவாக வரும் அந்தப் பண்டிகை முடியும்வரை கோதுமைப் பண்டம் ஒரு துகள்கூட வீட்டில் இருக்கக் கூடாதாம். அதற்காக இருவரும் வாரக்கணக்கில் வீட்டைச் சுரண்டித் துடைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இருந்த ஒரே உறவையும் லட்டால் அடித்து முறித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

யோசப் கார்ப்பெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “எகிப்து ராஜாகூட எங்களுக்கு இப்படிச் செய்யவில்லை,” என்றார்.

ஹன்னா சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரும்வரை சிரித்தார். இரண்டு மணித்தியாலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாக்யூம் பிடித்தேன்.

புறப்படும்போது ஹன்னா மறித்தார். “இந்த நாளில் எங்களிடம் மிஞ்சிய கோதுமை, பார்லிச் சாமானை யூதரல்லாத ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம். இந்த வருஷம் அது நீங்கள்தான்.” கோதுமை மாப் பை, நூடுல்ஸ், பிஸ்கட் டின், பாதி போத்தல் விஸ்கி, எல்லாவற்றுக்கும் மேலே மிஞ்சிய லட்டோடு அதே தட்டு.

“குடுக்கப் போன மனுசன் கடையையே தூக்கிக்கொண்டு வாறார்!” என்று ராஜி கட்டிலிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அதற்கும் ஹன்னாவுக்குத்தான் நன்றி.

அடுத்த வருஷம் அதே பண்டிகைக்கு ஹன்னா என்னைத் தன் குசினியில், கோதுமை படாத தன் சட்டியோடு நிறுத்தித் தேங்காயும் சீனியும் மட்டும் போட்டுக் கிண்ட வைத்தார். அந்தத் தேங்காய்த் துண்டுகள் அவர் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் பரிசாகப் போயின. இடுப்பில் என் மகளை வைத்துக்கொண்டு அவரே பெட்டி கட்டினார்.

அந்த மகளின் கல்யாணத்தில் நான் லட்டுத் தட்டோடு மண்டபத்துக்குள் நுழைந்தேன். முன்வரிசையில் சேலை கட்டி உட்கார்ந்திருந்த ஹன்னா என்னைப் பார்த்ததும், வாக்யூமுக்கு வழிவிடுவதுபோல, இரண்டு காலையும் தூக்கிக் கதிரைமேல் வைத்துக்கொண்டார். இன்றைக்கும் நான் தட்டோடு வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் காலைத் தூக்குவார்கள்.