சைக்கிள் கடை வாசலில் டிராம் நிற்கும்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், சைக்கிள் கடை எல்லோரும் சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியம் என்று சித்தி போனில் சொல்லிவிட்டதால் தனியாகக் கேட்கவில்லை. போனில் எனக்கு 'ம்' மட்டும்தான் வரும், அதனால்தான் கடிதம். உங்கள் இருவர் பேரிலும் இருக்கும் கடையை விற்க அப்பா அனுப்பிய பத்திரம் வந்திருக்கும். அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். கடை நமக்கு வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் முதலில் பார்த்தது, ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் நீலப் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும் எனக்குப் பெருக்கல் தெரியும். இது எதை எதால் பெருக்குகிறது என்றுதான் தெரியவில்லை. அப்பா பார்த்ததும் தலையில் கை வைத்துவிட்டார். "டிராம் லைனை நம்ம தெரு வரைக்கும் நீட்டறாங்கல்ல, இடிக்கறதுக்குக் குறி போட்டுட்டாங்கடி!" என்று தின்னரை ஊற்றித் தேய்தேயென்று தேய்த்து அழித்தார். அழித்த பிறகு, ஒரு குறி குறைகிறதே என்று தேடி வந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, அடுத்த கடை சலூன்காரர் ஒருவருக்குத் தாடையில் கத்தி வைத்திருந்த நேரம் பார்த்து, அவர் சுவரில் அதே போல ஒன்றைப் போட்டுவிட்டு வந்தார். சலூன்காரரும் அப்பா செய்ததையே செய்தார். மறுநாள் அந்தக் குறி அதற்கடுத்த பேக்கரிச் சுவரில் இருந்தது. பேக்கரிக்காரர் அழிக்கவில்லை. இன்னொரு கோட்டிங் அடித்து, அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "அட மடையனுங்களா, இது டிராம் நிக்கற இடம்யா! இடிக்கறதுக்கு இல்ல. ஸ்டாப்பு வரப்போகுது, ஸ்டாப்பு!"

அதன் பிறகு நடந்ததை என் வாயால் சொல்ல முடியாது, எழுதத்தான் முடியும். சலூன்காரர், "என் குறிய எனக்குக் குடுய்யா" என்று பேக்கரி வாசலில் நின்றார். "அது உன் குறியா? உன் சுவத்துல போட்டதே நான்தான்" என்று அப்பா உளறிவிட்டார். அப்புறம் ஒரு வாரத்துக்கு அப்பாவுக்கு ஷேவிங் இல்லை. தாடியோடு உட்கார்ந்து, "டிராம் வந்தா எவன் சைக்கிள் மிதிப்பான்? அதுவும் அந்த பேக்கரிக்காரன் வாசல்ல நிக்கப் போகுது. குடுத்துத் தொலைச்சிடலாம்" என்றார். மேஜை நாற்காலி போட நம் கடையைக் கேட்டுக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் பத்திரத்தோடு வந்துவிட்டார். இப்படித்தான் அது உங்கள் கைக்கு வந்தது.

இன்று அப்பா ஸ்போக்ஸ் கம்பி வாங்கப் போயிருந்தபோது டிராம் என்ஜினியர் அக்கா பேக்கரி வாசலுக்கு வந்தார். நான் வழக்கம் போலச் சக்கரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் எல்லாம் கேட்டது. "சுவத்துல இருக்கறது வெறும் அடையாளம்தாங்க. அத யாரு இங்க நகத்தினது? ஸ்டாப்புக்கு அளவெல்லாம் ரோட்டுல அடிச்சிருக்கற ஆணியிலேர்ந்துதான் எடுப்போம். அது அந்த சைக்கிள் கடை வாசல்ல இருக்கு" என்றார். பேக்கரிக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஆகவே ஸ்டாப் நமக்குத்தான். இது உறுதி. நினைத்தபோது வரும் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் இனி வீட்டிலிருந்து ஸ்டாப் வரை சைக்கிளில் வருவார்கள், நம்மிடம் விட்டுவிட்டு டிராம் ஏறுவார்கள், சாயங்காலம் பஞ்சர் ஒட்டி, பிரேக் சரிபார்த்துத் தயாராக இருக்கும். இதுவும் உறுதி. அம்மா ஆஸ்பத்திரி சலவை வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டாம். அப்பா திரும்பியதும், "ஸ்டாப் நமக்குத்தான்" என்று சொன்னேன். எனக்கு அவ்வளவு பேசினாலே மூச்சு வாங்கும். அப்பா அங்கேயே ஒரு குதி குதித்து, நேராக சலூனுக்குப் போய் ஷேவிங் செய்துகொண்டார்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். தம்பியின் சைக்கிளுக்குக் காற்று அதிகம் வைக்க வேண்டாம். உங்கள் ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்பினால் போதும்.

என்றும் பணிவுடன்,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: மேலே 'உறுதி' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'அநேகமாக' என்று மாற்றிப் படிக்கவும். கவரை ஒட்டப் போகும்போது அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "ஸ்டாப்புக்கு நாலு பேர் வர்ற இடம். பஞ்சர் கடைக்காரனே ஆணி அடிச்சு வச்சிருக்கான்னு பேர் வந்துடும்ல? வாசல்ல பெரிசா ஒண்ணு இருந்துச்சு, புடுங்கிட்டேன். குழியக் கூட ரப்பர் ஒட்டு போட்டு அடைச்சாச்சு" என்று ஆணியை என் முன்னால் வைத்தார். அதே நேரம் தெரு முனையில் அந்த அக்கா மூன்று கால் கருவியை நிறுத்தி, இரண்டு ஆட்களோடு அளவு நாடாவைப் பிரித்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரரும் மறுபடி வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆணியை எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்று, "அக்கா, ஆணிய எங்கப்பா புடுங்கிட்டாரு, ஆனா இடம் எனக்குத் தெரியும், வாங்க காட்டறேன்" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.