சர்க்கரைவாங்கிச் சாமியும் ஒரு வாழைப்பழமும்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சமயநல்லூர் ரோட்டோரம் கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்கும். மேளம் மட்டும்தான் இல்லை. தாம்பாளத்தில் அதிரசம், தூக்குவாளியில் பாயசம், எவர்சில்வர் டப்பாவில் அல்வா, ஃபிளாஸ்க்கில் ஜிகர்தண்டா. சீர் கொண்டுபோகிற மாதிரி வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, யார் பொண்ணு, யார் மாப்பிள்ளை என்று வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். பொண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. தூக்கிக்கொண்டு போகிற அத்தனை பேருக்கும் சுகர்.

தகரக் கொட்டகை வாசலில் இருபதடி ஃபிளெக்ஸ். அதில் சர்க்கரைவாங்கிச் சாமி ஒரு ஜிலேபிக்கு ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார். ஜிலேபியின் முகத்தில்கூட பக்திக் களை. கீழே கொட்டை எழுத்தில், ‘அளவில்லாமல் உண்க! அருளோடு உண்க!’

சாமியின் தத்துவம் எளிமையானது. சுகர் வருவது உடம்பின் குற்றமில்லை, அல்வாவின் குற்றம். எனவே வைத்தியம் பார்க்க வேண்டியது உங்களுக்கு அல்ல, அல்வாவுக்கு. சங்கை எடுத்து அல்வாவை மூன்று சுற்றுச் சுற்றினால், அதிலிருக்கும் சர்க்கரையை உறிஞ்சி ஆகாயத்துக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் ஆகாயத்துக்குச் சுகர் வந்தால் யார் மாத்திரை கொடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வரிசையில் அரைக் கிலோ அல்வாவோடு நின்றுகொண்டிருந்தார் அழகுமலை. செல்லூரில் நாலு விசைத்தறி ஓட்டுகிறவர். ஐம்பத்தொரு வயது. ஐந்து வருஷமாகச் சுகர். பக்கத்தில் நின்ற பால்பாண்டி, நூல் வியாபாரி. இந்த ஊர்வலத்துக்கு அவரை இழுத்து வந்தவன்.

“மாப்ள, ரெண்டு மாசமா நான் மாத்திரையத் தொடல. தெனம் ரெண்டு கிளாஸ் கருப்பட்டி போட்ட பருத்திப்பால். கல்லு மாதிரி இருக்கேன் பாத்துக்க.”

“மெஷின்ல குத்திப் பாத்தியா?”

“குத்தக்கூடாது மாப்ள! குத்துனா அருளு கலைஞ்சிரும். அதுதான் இங்க மொத கண்டிசன்.”

மாத்திரை வேண்டாம், மெஷின் வேண்டாம். பரீட்சையே வைக்காத பள்ளிக்கூடத்தில் யார்தான் ஃபெயிலாவார்கள்?

அழகுமலையையும் ரொம்பக் குறை சொல்லக்கூடாது. ஐந்து வருஷமாக அவருடைய தட்டு அவர் கையில் இல்லை. மனைவி தாமரைச்செல்வி, ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுக்கிற அம்மாவிடம் போய் உட்கார்ந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தவள். தட்டில் பாதி காய். கால்வாசி சோறு, அதுவும் ஒரே கரண்டி. மீதிக் கால்வாசி பருப்போ, மீனோ, முட்டையோ. அயிரை மீன் குழம்பு உண்டு, ஆனால் குழம்பு ஊற்ற ஊற்றச் சோறு வளராது. முருங்கைக்கீரை, பீர்க்கங்காய்க் கூட்டு, கொள்ளு ரசம். பாகற்காய் வறுவலைக்கூடத் தேங்காயும் பூண்டும் போட்டு, எதிர்வீட்டுக்காரர்கள் வாங்கிப்போகும்படி செய்வாள். செவ்வாய், வெள்ளி என்று வாரம் இருமுறை அவளே விரலில் குத்தி நோட்டில் எழுதிவைப்பாள். எண் கட்டுக்குள்ளேயே இருந்தது.

அதுதான் அழகுமலைக்கு வந்த சங்கடம். எல்லாம் நன்றாக இருந்ததால், நோயே போய்விட்டது என்று நினைத்துவிட்டார். குடை பிடித்து நனையாமல் நடக்கிறவன், மழை நின்றுவிட்டது என்று குடையை மடக்கிய கதை. போதாததற்குத் தறிப்பட்டறையில் கிண்டல். “அண்ணே, இன்னைக்கும் ஆட்டுத் தீவனமா?” ஆண்பிள்ளைக்கு ரோஷம் வர இது போதும். ரோஷம் நேராக அல்வாக் கடைக்குப் போனது.

கொட்டகைக்குள் கூப்பிட்டார்கள். சாமியின் சீடன் ஆளுக்கொரு பச்சை உருண்டையை நீட்டினான். துளசி வாசம், கொஞ்சம் விபூதி. நாக்கில் வைத்து மென்று, வாய் முழுக்கச் சுழற்றி, கண்ணை மூடி நூற்றெட்டு எண்ண வேண்டும். அதற்குள் சாமி சங்கைச் சுற்றிவிடுவார்.

“இப்பச் சாப்புடு மகனே!”

அழகுமலை ஒரு துண்டு அல்வாவை வாயில் போட்டார். நெய் இருந்தது. வழவழப்பு இருந்தது. இனிப்பு? துளிகூட இல்லை! களிமண்ணில் நெய் ஊற்றிப் பிசைந்த மாதிரி இருந்தது. அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“சாமி! இனிப்பு போயிருச்சு சாமி!”

இனிப்புக்காக ஏங்கி ஏழு மைல் வந்தவர், இனிப்பில்லாத அல்வாவைத் தின்றுவிட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டார். இந்தக் கணக்கு எந்த வாத்தியாருக்கும் புரியாது. சாமி எடுத்த சர்க்கரை ஒரு மண்டலத்துக்குத் திரும்பி வராதாம். மீதி அல்வா மறுநாள் இனித்தால் அது மாயையாம். அந்த மாயையை அழகுமலை நாலு நாளில் தின்று முடித்தார். அடுத்த வாரம் கேசரி. அதற்கடுத்த வாரம் அதிரசம்.

ஐந்தாவது வாரம், தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற கனமான நாடாக்கட்டை தெறித்து அவருடைய வலது கால் சுண்டுவிரலில் விழுந்தது. சின்னக் காயம். ஆறவில்லை. ஓரம் கறுத்தது. வலிக்கவும் இல்லை.

“ஏங்க, வாங்க ஆஸ்பத்திரிக்கு. காயம் வலிக்கலன்னாத்தான் பயப்படணும்னு அங்க சாப்பாட்டு முற சொல்ற அம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு.”

“சாமிகிட்டக் காட்டிட்டேன். வலிக்கலன்னா அருளு வேல செய்யுதாம்.”

“மாத்திரையாச்சும் போடுங்க. காலுங்க! கடையில வாங்குற சாமான் இல்ல!”

“வர்ற ஞாயித்துக்கெழமையோட மண்டலம் முடியுது தாமர. அம்புட்டுத்தான்.”

அவள் அழவில்லை. அழுதால் அருகில் வந்து சமாதானம் செய்வார், ஆஸ்பத்திரிக்கு மட்டும் வரமாட்டார். இது அவளுக்கு இருபத்தாறு வருஷ அனுபவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசையில் அழகுமலைதான் கடைசி. உருண்டையை மென்ற கையோடு, ஷேர் ஆட்டோ ஓட்டும் காளை பறக்கவிட்டதில் அரைமணி நேரத்தில் செல்லூர் வந்துவிட்டார். பசி. தாமரைச்செல்வி ஒரு சின்ன வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள். கடித்தவர் முகம் கோணியது.

“என்னடி பழம் வாங்கிருக்க? பஞ்சு மாதிரி இருக்கு.”

அவள் மீதியைக் கடித்துப் பார்த்தாள். தேனாக இருந்தது.

“இந்தப் பழம் சமயநல்லூருக்கு வந்துச்சா?”

“இல்ல.”

“சாமி இதப் பாத்தாரா?”

“அத எப்படிப் பாப்பாரு?”

“அப்ப இதுல இருந்த இனிப்ப யாருங்க எடுத்தா?”

அழகுமலை பழத்தோலை எறிய எழுந்தார். சட்டை மடிப்பிலிருந்து ஒரு பச்சைத் துணுக்கு கீழே விழுந்தது. தாமரைச்செல்வி அதைத் துண்டுக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, கீரை விற்கும் ஒச்சம்மாளைத் தேடிப் போனாள். ஒச்சம்மாள் முகர்ந்தாள், கிள்ளி நாக்கில் வைத்தாள், துப்பினாள்.

“துளசியப் போட்டு மறைச்சிருக்கான் தாயி. இது சிறுகுறிஞ்சான் எல. ஆடு மேய்க்கிறப்ப இத மென்னுட்டுக் கருப்பட்டியத் தின்னு வெளையாடுவோம். செத்த நேரத்துக்கு நாக்குக்கு இனிப்புத் தெரியாது. இனிப்பு எங்கயும் போகாது, வகுத்துக்குள்ளதான் போகும்.”

தாமரைச்செல்வி இதை வீட்டில் சொன்னாள். “கீரைக்காரிக்குச் சாமியப் பத்தி என்ன தெரியும்?” என்றார் அழகுமலை. ஆனால் அன்றிரவு அவர் அதிரசத்தைத் தொடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. சாமிக்குப் பிறந்தநாள் சிறப்புக் கூட்டம். புருஷனோடு தாமரைச்செல்வியும் கிளம்பினாள். கையில் தாம்பாளம் இல்லை, ஒரு மஞ்சப்பை. முன்வரிசை முழுக்க உருண்டையை மென்று, கண்ணை மூடி, நூற்றெட்டு எண்ணி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு பையிலிருந்து சீனிப் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தாள்.

“இது எங்க தெரு மளிகைக் கடைச் சீனி. சாமி தொடல, சங்கு சுத்தல. ஆளுக்கு ஒரு சிட்டிகை வாயில போடுங்க.”

அதிரசத் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்த அன்னக்கொடி முதலில் போட்டுப் பார்த்தாள். “ஆத்தாடி! மணலு மாதிரியில்ல இருக்கு!”

வரிசை முழுக்க மணல். சாமிக்கு ஒரு நிமிஷம்தான் முகம் வெளிறியது. சட்டென்று சங்கை உயர்த்தினார்.

“பாத்தீங்களா மக்களே! தொடாமலே எடுத்துட்டேன்! என் அருளு இந்தக் கொட்டக முழுக்கப் பரவியிருக்கு!”

கைதட்டல் தகரத்தைப் பிய்த்தது. நம்மவர்களை ஏமாற்றுவதற்குப் பெரிய மூளை வேண்டாம். கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த பொய் தயாராக இருந்தால் போதும்.

தாமரைச்செல்வி அசரவில்லை. “ரொம்பச் சரி சாமி. கொட்டக முழுக்கன்னா இந்த ஆளுக்கும் சேத்துத்தான?” என்று வாசலில் நின்ற ஷேர் ஆட்டோ காளையை உள்ளே இழுத்தாள். அவன் உருண்டை மெல்லவில்லை. “நீங்க சங்கு சுத்துன அல்வா. இந்த ஆளுக்கு உங்க கையாலயே குடுங்க.”

கூட்டம் பார்க்கிறது. சாமியால் மறுக்க முடியவில்லை. காளை அல்வாவை வாங்கி வாயில் போட்டு, கண்ணை உருட்டினான்.

“யாத்தே… பல்லு கூசுற இனிப்பு!”

“அவனுக்குப் பக்தி இல்ல!” சாமி கத்தினார்.

“சாமி, அப்படிச் சொல்லாதீக. பக்தி இல்லாமலா ஆட்டோ முன்னாடி ஒங்க படத்த ஒட்டிருக்கேன்?”

கொட்டகையில் முதல் தடவையாக யாரோ சிரித்தார்கள். பால்பாண்டி எழுந்து, “அப்ப அந்த உருண்டைதான்…” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். இத்தனை மாதப் பருத்திப்பால் கண்முன் வந்திருக்க வேண்டும்.

தாமரைச்செல்வி மஞ்சப்பையிலிருந்து சுகர் பார்க்கும் மெஷினை எடுத்துப் புருஷன் முன்னால் நின்றாள். அதுவரை சவால்விட்ட குரல் இப்போது தணிந்திருந்தது.

“ஏங்க. வெரல நீட்டுங்க. நல்ல எண்ணு வந்தா நானே தெனம் அல்வாக் கிண்டித் தாரேன். சத்தியமா.”

“குத்தாத மகனே! அருளு கலைஞ்சிரும்!”

அழகுமலை சாமியைப் பார்த்தார். தன் கால் விரலைப் பார்த்தார். அது நேற்றைவிடக் கறுத்திருந்தது. கையை நீட்டினார்.

நானூற்றுப் பதினெட்டு.

தாமரைச்செல்வி மெஷினை அன்னக்கொடியிடம் கொடுத்தாள், அவள் பக்கத்து ஆளிடம் கொடுத்தாள், எண் வரிசை முழுக்கக் கைமாறியது. “எனக்கும் ஒரு குத்துக் குத்து தாயி,” என்று முதலில் அன்னக்கொடி. அப்புறம் பத்துப் பேர். மேடையைத் திரும்பிப் பார்த்தபோது சங்கு மட்டும் இருந்தது. சர்க்கரையை ஆகாயத்துக்கு அனுப்பியவர், பின்பக்கத் தகரத்தை விலக்கி, பைக்கில்தான் போனார்.

ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்தார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பாதம் என்றார் டாக்டர். அழகுமலை திட்டு வாங்கத் தயாராகக் காத்திருந்தார். தாமரைச்செல்வி திட்டவில்லை. டப்பாவைத் திறந்தாள், பாதி காய், ஒரு கரண்டிச் சோறு, அயிரை மீன் குழம்பு.

“இன்னும் ரெண்டு மீனு போடவா?”

“போடு,” என்றார் அவர். புளிப்பும் காரமும் நாக்கில் முழுசாகத் தெரிந்தன.

மறுவாரம் பால்பாண்டி வீட்டுக்கு வந்தான். மாத்திரையை ஆரம்பித்துவிட்டானாம். ஆனாலும் பழக்கம் விடவில்லை.

“மாப்ள, அவனியாபுரத்துல ஒரு அம்மா இருக்காம். மந்திரிச்ச எண்ணெயத் தேச்சா போன வெரலு மொளைக்குதாம். வாரியா?”

அழகுமலை கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டார். “எத்தன பேருக்கு மொளைச்சிருக்கு?”

“அது… எல்லாரும் சொல்றாங்க.”

“போயி எண்ணிட்டு வா மாப்ள. எண்ணெயத் தேச்ச காலு ஒண்ணு, தேய்க்காத காலு ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல வச்சு எண்ணிட்டு வா.”

பால்பாண்டி யோசித்தான். இருபது வருஷப் பழக்கத்தில் அவன் யோசித்து அழகுமலை பார்த்தது அதுவே முதல் தடவை. ஒரு முழு நிமிஷம் யோசித்தான். அதனால் அவனுக்கு மயக்கம் வரவில்லை, தலை சுற்றவில்லை, சுகரும் ஏறவில்லை. நம்பாதவர்கள் நீங்களும் ஒருமுறை யோசித்துவிட்டு, குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.